அடுக்கி வைத்த வீடு

என் அக்கா காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் வலது காலை மட்டும் தொங்கவிடுவாள். குளிக்கப் போகிறவர்கள் வாளித் தண்ணீரின் சூட்டைப் பார்ப்பதுபோலப் பெருவிரலை மெல்ல இறக்குவாள். தரை தட்டுப்பட்டால் இறங்கிவிடுவாள். தண்ணீர் தட்டுப்பட்டால் "வந்தாச்சு" என்று ஒரு வார்த்தை. பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காப்பி போடப் போய்விடுவாள்.

கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால், காயலைப் பார்த்துப் போகும் சந்தில் கடைசிக்கு முந்தின வீடு எங்களுடையது. அரிசித் தரகராக இருந்த அப்பா விட்டுப்போன வீடு. நான் வேலைக்காகக் களமசேரிக்குப் போய்விட, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா அதில் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாததற்கு அவள் காரணம் எதுவும் சொன்னதில்லை. கேட்டவர்களை வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன பையனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதுமில்லை.

மழைவெள்ளம் என்றால் ஒரு மரியாதை உண்டு. மந்திரி வருவார், படகு வரும், டிவிக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசுவார்கள். எங்கள் சந்துக்கு வருவது அந்த ரகம் இல்லை. பளீரென்று வெயில் அடிக்கும் மார்கழிக் காலையில், கடல் பொங்கி, காயல் பொங்கி, ஓடை வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வரும். வேலியேற்றம் என்பார்கள். யாருக்கும் சொல்லாமல் வந்து, மத்தியானச் சோற்று வேளைக்குள் போய்விடும். போகும்போது உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு சுவரில் ஏறி, சுவரின் தோலை உரித்தது. பிறகு அக்காவின் காலில் ஏறி அதன் தோலையும் உரித்தது. தோல் டாக்டர், "வெள்ளத்தில் நிக்கருது" என்று, அதாவது தண்ணீரில் நிற்கக் கூடாது என்று, மருந்துச் சீட்டின் கீழே எழுதிக் கொடுத்தார். "எங்க நிக்கணும்னு எழுதலையே சார்" என்றாள் அக்கா.

ஃபிரிட்ஜ், பீரோ, கட்டில், அரிசி டிரம் எல்லாமே செங்கல் மேல் நின்றன. அந்த வீட்டில் செங்கல் மேல் ஏறாமல் நின்றது அக்கா ஒருத்திதான்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கலாம். களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அறிவிப்புகள் எழுதிக்கொண்டிருந்தேன். அவ்வப்போது பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகளும் எழுதுவேன். என் எழுத்துகளில் அதிகம் பேர் வாசித்தது 'இவ்விடம் எச்சில் துப்பாதீர்' என்பதுதான். அதையும் யாரும் பின்பற்றவில்லை. மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டாஞ்சேரிக்குப் போய், அக்கா சமைத்த மீனைத் தின்றுவிட்டு, "எங்ககூட வந்து இருந்துடு அக்கா" என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

"களமசேரியில எனக்கு யாரைத் தெரியும்?"

"என்னைத் தெரியுமே."

"உன்னைத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்பாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இதே சந்தில், கால் நனையாத ஒரு தரை. அவ்வளவுதான். இதில் பேராசை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் அந்த ஆர்க்கிடெக்ட் பெண் வந்தாள். எர்ணாகுளத்துப் பெண். வெளிநாட்டில் படித்துவிட்டு, தண்ணீர் ஏறும் இடங்களில் ஏழைகள் எப்படி வீடு கட்டிக்கொள்ளலாம் என்று யோசிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டவள். நல்ல பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

சந்து முழுக்கச் சுற்றிப் பார்க்க வந்தவள் எங்கள் வீட்டுக்குள் வந்து உத்தரங்களைத் தட்டிப் பார்த்தாள். மேலே அண்ணாந்து ஓடுகளைப் பார்த்தாள். சுவரின் சிவந்த வெட்டுக்கல்லை, குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோலத் தடவினாள். "டீச்சர், இதில் ஒரு சாமான்கூட வீணாகக் கூடாது" என்றாள். திட்டம் எளிமையானது. வீட்டைப் பிரிக்க வேண்டும். இடிக்கக் கூடாது, பிரிக்க வேண்டும். அதே கல்லை வைத்து இடுப்புயரத்துக்குத் தூண்கள் எழுப்பி, அதன் மேல் அதே கல், அதே மரம், அதே ஓட்டில் இரண்டு அறை. தண்ணீர் வந்தால் கீழே புகுந்து கீழேயே போய்விடும். சிமென்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பு. உப்பு ஏறினாலும் சுவர் மூச்சுவிடும். நாளைக்குக் காயல் இன்னும் உயர்ந்தால், மறுபடி பிரித்து இன்னும் உயரமாகக் கட்டிக்கொள்ளலாம். ஓடுகளை இரண்டு அடுக்காகப் போட்டால் சித்திரை வெயிலும் உள்ளே இறங்காது. புதுச் சாமான் வாங்கிக் கட்டினால் அக்காவின் சேமிப்பு அஸ்திவாரத்தோடு முடிந்துவிடும். இப்படிக் கட்டினால் கூரை வரைக்கும் வரும்.

"இதற்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர்" என்று, அவள் சொன்ன ஆங்கில வார்த்தையை நான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்பா செஞ்சதுதானே? நாம பிசினாறின்னுல்ல சொல்லிட்டிருந்தோம்" என்றாள் அக்கா.

உண்மைதான். எங்கள் சமையலறைக் கதவு ஒரு அரிசிக் கிடங்கின் கதவு. நடுவில் ஒரு ஆள் நுழையும் திட்டிவாசல்கூட அதில் இருந்தது. உத்தரங்கள் இரண்டு, எரிந்துபோன மிளகுக் கிடங்கிலிருந்து வந்தவை. மழைநாளில் வீட்டுக்குள் லேசாகக் கருகின வாசம் வரும். மட்டாஞ்சேரியில் பாதி வீடுகள் இப்படித்தான், இன்னொரு கட்டடத்தின் எலும்பில் நிற்பவை. இதற்கெல்லாம் ஒரு தத்துவம் இருப்பது தெரியாமலே வாழ்ந்துவிட்டோம்.

அக்கா ஒரு வாரம் யோசித்தாள். பிறகு, "ஆறு மாசத்துல முடிச்சுடுவியாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். முடித்துவிடலாம் என்றாள் அவள். அக்கா தன் அரிசி டிரம்மோடு எங்கள் களமசேரி ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தாள். ஐந்தாவது மாடி. என் மனைவி அந்த அறையைச் சுத்தம் செய்து, புது விரிப்பு போட்டு வைத்திருந்தாள். மறுநாள் பார்த்தால் கட்டில் கால்களுக்கு அடியில் நான்கு செங்கல். எங்கிருந்து பொறுக்கினாள் என்று தெரியவில்லை.

"இங்க தண்ணி வராது அண்ணி" என்றாள் மனைவி.

"தெரியும். பழகிப்போச்சு."

வீட்டைப் பிரிக்கத் தொடங்கினார்கள். இடித்த வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரித்த வீட்டை அப்போதுதான் பார்த்தேன். ஓடு முதலில் இறங்கியது. பிறகு ஓட்டைத் தாங்கின பட்டியல் மரங்கள், உத்தரங்கள், ஜன்னல்கள். பிறகு கல். ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைச் சாயத்தில் எழுத்தும் எண்ணும் போட்டார்கள். எந்தச் சுவர், எந்த வரிசை, எத்தனையாவது கல். கணக்கு டீச்சர் அதில் மயங்கிப்போனாள். தினம் காலையில் பஸ் ஏறி மட்டாஞ்சேரிக்குப் போய், குடைபிடித்துக்கொண்டு நின்று, எண் தப்பாகப் போட்டவர்களைத் திட்டுவாள். ஓய்வுபெற்ற பிறகு அவள் முகத்தில் அவ்வளவு வெளிச்சம் பார்த்ததில்லை. மனையின் ஒரு பக்கம் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எங்கள் வீடு அடுக்கப்பட்டு, ஒரு பெரிய பார்சல்போல உட்கார்ந்திருந்தது.

கடைசியாக, சந்துப் பக்கம் பார்த்த முன்சுவரும் அதிலிருந்த வாசல் நிலையும் மிச்சம். அங்கேதான் எங்கள் விதி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சேட்டனும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

சேட்டன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்து இப்போது மகனிடம் விட்டவர். சின்ன வயதில், தமிழ்க்காரன் என்பதால் என்னைப் 'பாண்டி' என்று கூப்பிட்டு அடித்தவர். நானும் திருப்பி அடித்திருக்கிறேன், குறைவாக. எங்களிடம் பேசுவதற்கென்று தனியாக ஒரு தமிழ் வைத்திருக்கிறார். மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"டீச்சரே, ஒரு காரியம் கேளு. எல்லாத்தையும் பொளிக்காதே. இந்த ஒரு சுவரு நிக்கட்டும்."

"எதுக்கு?"

"ஒரு சுவரு நின்னா அது வீடாக்கும். பின்னால நீ என்ன வேணும்னாலும் செய்யி, அது ரிப்பேரு. என்றெ வீட்டைப் பாரு. முன்வசம் எங்க அப்பன் கெட்டினது. பின்வசம் மூணு பெட்ரூம், கான்கிரீட்டு, போன வருஷம் கெட்டினது. பேப்பர்ல எல்லாம் ரிப்பேரு. இந்தச் சந்துல எல்லாரும் அங்ஙனெத்தான்."

சேட்டன் சொன்னது பொய்யில்லை. அந்தச் சந்தில் நூறு வயதுச் சுவர்கள் வரிசையாக முகமூடிபோல நின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் டைல்ஸ் ஒட்டின புத்தம்புது வீடு ஒளிந்திருந்தது. தெருவில் நின்று பார்த்தால் பாரம்பரியம். மாடியில் நின்று பார்த்தால் தண்ணீர்த் தொட்டிகள்.

ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசல் நிலையை இறக்கிவிட்டால், வருகிற அமாவாசைக்குள் அந்த வீட்டின் சுவர் எதுவும் நிற்கக் கூடாது. நிலை இல்லாத சுவர் தலை இல்லாத உடம்பு. அதை நிற்கவிட்டால் குடும்பம் நிற்காது. இதை யார் சொன்னார்கள், எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. புத்தகம் படித்தவன் என்ற பெயர் எனக்குண்டு. ஆனால் நான் படித்த புத்தகங்கள் எதிலும் சுவரைப் பற்றி ஒன்றும் இல்லை.

"நிலையை இறக்காம விட்டுரலாமே" என்றேன்.

"அதுலதான் கறையான் இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுதே. அடிப்பக்கம் வெட்டி, மருந்து வச்சு, சரிபண்ணணுமாம். இறக்காம எப்படி?" அக்கா சேட்டன் பக்கம் திரும்பினாள். "வீட்டைப் பிரிச்சுப்போட்டுட்டு ஒத்தைச் சுவரை நிறுத்தி வச்சா போறவங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? இந்த வீடு நொடிச்சுப்போச்சுன்னு நினைப்பாங்க. அப்பா நடந்த சந்து இது."

"டீச்சரே, நினைக்கிறவன் வந்து பேப்பர்ல ஒப்பு போடமாட்டான். ஒப்பு போடுறவன் நினைக்கமாட்டான்."

"நாங்க களவு பண்ணிக் கட்டலை. கேட்டுத்தான் கட்டுறோம்."

"அதாக்கும் குழப்பம்" என்றார் சேட்டன்.

ஆர்க்கிடெக்ட் பெண்ணும் அக்கா பக்கம்தான். அந்தச் சுவரில்தான் உப்பு ஏறாத நல்ல கல் இருந்தது, தூண்களுக்கு அதுதான் வேண்டும் என்றாள். அதே கல்லை அதே இடத்தில் திருப்பி வைப்பது பழுதுபார்ப்பில்தான் சேரும் என்று அவளும் நம்பியிருந்தாள். வழக்கமும் தத்துவமும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால், நடுவில் நிற்கும் சாதாரண புத்தி என்ன செய்யும்? ஒதுங்கி வழிவிடும். அக்கா ஐயரைக் கூப்பிட்டு, நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து இறக்கினாள். அமாவாசைக்கு முன்பே சுவரும் இறங்கியது. அன்று சாயங்காலம் அவளே விளக்குமாறு எடுத்து மனையைக் கூட்டி, தண்ணீர் தெளித்தாள். சுத்தமாக, காலியாக, ஒழுங்காக இருந்தது. எந்த விதியையும் மீறாத ஒரு மனை.

கட்ட அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்ததற்கு, ஓர் அதிகாரி வந்து பார்த்தார். மெலிந்த மனிதர். வெயிலில் சுற்றிச் சுற்றிக் கறுத்துப்போனவர். மனையைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார், கடைசியில் அக்காவைப் பார்த்தார்.

"பழைய வீடு எவிடே டீச்சர்?"

அக்கா தார்ப்பாயை விலக்கிக் காட்டினாள். "இதோ சார்."

"இது வீடல்லல்லோ டீச்சர். இது சாமானமல்லே?"

"எல்லாத்துலயும் நம்பர் இருக்கு சார். அப்படியே திருப்பி வைக்கிறதுதான். கொஞ்சம் உசத்தி."

அவர் பொறுமையாகச் சொன்னார். காயலோரத்தில் ஏற்கனவே நிற்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம். நிற்காத வீட்டைக் கட்ட முடியாது. காலி மனை என்றால் புதுக்கட்டடம். புதுக்கட்டடம் என்றால் காயலிலிருந்து இவ்வளவு, சந்திலிருந்து இவ்வளவு, பக்கத்து மதிலிலிருந்து இவ்வளவு விட வேண்டும். அதையெல்லாம் விட்டால் எங்கள் மனையில் ஒரு துளசிமாடம் வைக்கலாம், அதுவும் ஒல்லியாக. "ஒரு சுவரெங்கிலும் பாக்கி வெச்சிருந்தால்..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மதிலுக்கு அந்தப் பக்கம் சேட்டன் செருமினார்.

கட்டடத்தைக் காப்பாற்றத்தான் அந்த விதி. தண்ணீரையும் காப்பாற்றத்தான். காயலைத் தூர்த்து ஹோட்டல் கட்டுகிறவர்களைப் பிடிக்க யாரோ நல்ல மனதோடு போட்ட வலை. அந்த வலையைத் தாண்டிப் போகத் தெரிந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போய்விட்டார்கள். உள்ளே கிடந்தது ஓர் ஓய்வுபெற்ற டீச்சரும் அவள் நம்பர் போட்ட கல்லும்தான். அதிகாரி போகுமுன் கைப்பேசியில் மனையைப் படம் எடுத்துக்கொண்டார். அக்காவும் படத்தில் விழுந்தாள், குடையோடு.

அடுத்து வந்த மாதங்களை விவரித்தால் எனக்கே அலுக்கும். ஆர்க்கிடெக்ட் பெண் அலைந்தாள், மனு எழுதினாள், ஒருமுறை அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நானும் விடுப்பு போட்டுவிட்டு அவளோடு போனேன். அறிவிப்புப் பலகை எழுதுகிறவன் என்பதால், அங்கே சுவரில் இருந்த அறிவிப்புகளின் பிழைகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'பொறுமை காக்கவும்' என்பது மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

பிறகு சேட்டனே ஒரு வழி சொன்னார். சாயா கிளாஸை மதில்மேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஆளு மாற்றலாகிப் போறான். புதுசா ஒருத்தன் வருவான். அவன் வர்றதுக்குள்ள அந்த முன்சுவரை அதே இடத்துல கெட்டு. பழைய கல்லு, பழைய நிலை, சுண்ணாம்பு. யாரு கண்டுபிடிப்பான்?"

"அது பொய்ச் சுவருல்ல?" என்றாள் அக்கா.

"என்ன பொய்? கல்லு பழசல்லே? நிலை பழசல்லே? இடம் பழசல்லே? நீ பழசல்லே?"

அக்கா சிரித்தாள். நான் அதைக் கணக்கில் வைக்கவில்லை. சிரிப்பு வந்தாலே அவள் மசிந்துவிட்டாள் என்று அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

கட்டினார்கள். அந்த ஆர்க்கிடெக்ட் பெண்ணின் முறையில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. கல்லெல்லாம் எண்படி வந்து தானாக உட்கார்ந்தது. எந்தக் கல்லையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா ஆணியடித்துக் காலண்டர் மாட்டின ஓட்டைகூட அதே இடத்தில் வந்து நின்றது. மருந்து வைத்துச் சரிபண்ணின நிலை, முன்னைவிட நேராக நின்றது. இந்த வீட்டை மொத்தமாக இப்படிக் கட்டியிருந்தால், ஒரு மழைக்காலத்துக்குள் அக்கா உள்ளே போயிருப்பாள். அந்தப் பெண் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய்யில்லாததுதான் எரிச்சலாக இருந்தது.

காலி மனையில் ஒற்றைச் சுவரும் அதில் ஒரு வாசலும். பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு யாரும் போகலாம். அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசல் வழியாகத்தான் போனாள், வந்தாள். உள்ளே போனதும், உள்ளே என்று ஒன்று இல்லாத அந்த இடத்தில், சுவர் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தாள். அந்தச் சில நாள்கள் அவள் மட்டாஞ்சேரியில் குடியிருந்தாள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

புதியவர் வரவில்லை. மாற்றல் ரத்தாகி, அதே மெலிந்த மனிதர்தான் ஒரு நாள் முற்பகலில் சந்துக்குள் வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். அவர் பக்கவாட்டில் நுழையப் பார்த்தார்.

"வாசல் வழியா வாங்க சார்" என்றாள் அக்கா.

அவர் ஒரு கணம் நின்றார். பிறகு, பழக்கதோஷம், ஷூவைக் கழற்றி நிலைக்கு வெளியே வைத்துவிட்டு, குனிந்து, உள்ளே வந்தார். ஆகாயத்துக்குக் கீழே காலுறையோடு நின்றுகொண்டு, கைப்பேசியில் அந்தப் பழைய படத்தை எடுத்துக் காட்டினார். குடையோடு அக்கா, பின்னால் தார்ப்பாய், சுவர் இல்லை.

"டீச்சர், எனிக்கு இது காணான் வய்யா" என்றார், பார்க்க முடியவில்லை என்கிற அர்த்தத்தில். அவர் குரலில் கோபம் இல்லை. அவரும் எங்கேயோ தண்ணீர் ஏறும் வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். "நான் கண்ணை மூடலாம். இது மூடாது" என்று கைப்பேசியை ஆட்டினார். "யாராவது பரிசோதிச்சா எண்ட ஜோலி போகும். எடுத்துடுங்க."

"உங்க மேல தப்பில்ல சார். உக்காருங்க, சாயா சொல்றேன்" என்றாள் அக்கா. இருந்த ஒரே நாற்காலியை அவரிடம் தள்ளினாள். அவர் உட்காரவில்லை. வந்த வாசல் வழியாகவே போய் ஷூவை மாட்டிக்கொண்டார்.

சுவரை இரண்டாம் தடவை இறக்கினபோது ஐயரைக் கூப்பிடவில்லை. தேங்காயும் இல்லை. அமாவாசை எப்போது என்று அக்கா பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு சுகாதாரப் பிரிவிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. மனையில் கட்டட இடிபாட்டுக் கழிவு குவிந்து கிடக்கிறது, உடனே அகற்றவும், இல்லையேல் அபராதம். நோட்டீஸ் எழுதுவது என் தொழில் என்பதால் சொல்கிறேன், நல்ல நோட்டீஸ். சுருக்கமாக, தெளிவாக இருந்தது. ஒரு பிரிவுக்கு அது வீடில்லை, சாமான். இன்னொரு பிரிவுக்கு அது சாமானும் இல்லை, குப்பை. நம்பரெல்லாம் மழையில் மங்கிக்கொண்டிருந்தது.

"எடுக்கச் சொல்லிடு" என்றாள் அக்கா.

"கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே. அந்தப் பொண்ணு கோர்ட்டுக்குப் போகலாம்னு சொல்லுது."

"எனக்கு வயசு என்ன, கோர்ட்டுக்கு வயசு என்ன? எடுக்கச் சொல்லிடு."

மரத்தைப் பழைய சாமான் கடைக்காரர் எடுத்துப்போனார். கோட்டைக் கொச்சியில் யாரோ காப்பிக் கடை திறக்கிறார்களாம், கருகின வாசம் வரும் உத்தரத்துக்குத்தான் அங்கே மவுசாம். ஓடுகளைச் சேட்டன் வாங்கிக்கொண்டார், கார் ஷெட்டுக்கு. இரண்டு அடுக்காகப் போட்டார். கார் சூடாகாமல் இருக்கிறது. கல்லை யாரும் கேட்கவில்லை. கடைசியில் சந்தின் தரையை உயர்த்தும் வேலை வந்தது. வார்டுக்காரர்கள் லாரி கொண்டுவந்து, எங்கள் கல்லை உடைத்து, சந்து முழுக்கப் போட்டு இடித்து, மேலே கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். நிலையை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அது இப்போது எங்கள் ஃபிளாட்டின் பால்கனியில் சாய்ந்து நிற்கிறது. துணி காயப்போட உதவுகிறது.

ஆர்க்கிடெக்ட் பெண் ஒரு கருத்தரங்கில் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசினாள். அதன் வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தாள். எண் போட்ட கற்கள் வரிசையாக, ரொம்ப அழகாக இருந்தன. கடைசிப் படம் அந்தக் காலி மனை. அவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். விதியை மாற்ற வேண்டும் என்றும் சொன்னாள். அக்கா கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"நல்லாத்தான் சொல்லுது. கடைசியில கை தட்டுறாங்களே, அது எதுக்கு?" என்றாள்.

போன மார்கழியில் ஒரு காலை, சந்து எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். வைட்டிலா வந்து பஸ் மாறிப் போனோம். வேலியேற்றம் உச்சத்தில் இருந்த நேரம். சந்தின் தொடக்கத்தில் வழக்கம்போலப் புடவையைத் தூக்கிச் செருகினாள். தேவையிருக்கவில்லை. சந்து உயர்ந்திருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிரே வந்தவர்கள் செருப்பு நனையாமல் நடந்துபோனார்கள். சந்தில் ஏற முடியாத தண்ணீரெல்லாம், பள்ளமாகக் கிடந்த ஒரே இடத்தில் வந்து தேங்கியிருந்தது. எங்கள் மனை. நான்கு மூலையும் சரியாக, அப்பாவின் வீட்டு அளவுக்கு ஒரு குளம்.

சேட்டன் தன் பழைய முன்சுவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"டீச்சரே! ரோடு கண்டோ? ஜோராயிட்டுண்டு அல்லே? இனி இந்தச் சந்துல ஒருத்தனுக்கும் கால் நனையாது. வா, கயறி வந்து ஒரு சாயா குடி."

"ஜோராத்தான் இருக்கு" என்றாள் அக்கா. குனிந்து கான்கிரீட்டை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள், உத்தரத்தைத் தட்டுவதுபோல. "கல்லு நல்ல கல்லு."

சாயா குடிக்கப் போகவில்லை. திரும்பப் பஸ் ஏறினோம். இடப்பள்ளி தாண்டின பிறகு, "செங்கல்லை எடுத்துடறேண்டா. உன் பொண்டாட்டி பெருக்கும்போது இடிச்சுக்கிறா" என்றாள்.

எடுத்துவிட்டாள். கட்டில் இப்போது தரையில் நிற்கிறது. காலையில் நான் காப்பி எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போகும்போது, வலது கால் மட்டும் கட்டிலிலிருந்து தொங்கிக்கொண்டிருக்கும். மெல்ல இறக்குவாள். ஐந்தாவது மாடி. பளபளக்கும் டைல்ஸ். பெருவிரல் தொட்டதும் சற்று நிறுத்துவாள். பிறகு காலைத் திரும்ப மேலே இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துவிடுவாள்.